முதல் குரலுக்குப் பதில் சொன்னவர்

1

இந்த ஊரில் இப்போது 1959 நடக்கிறது. அச்சுப் பிழை இல்லை. எத்தியோப்பியாக்காரர்களின் காலண்டர் நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால் வருகிறது. நீங்கள் அங்கே அறுபத்தேழாம் வருடத்துத் தேர்தலை முடித்துவிட்டு, யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று டீக்கடையில் மேஜையைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். நான் இங்கே தினமும் காலையில் வகுப்புப் பலகையில் 1959 என்று எழுதுகிறேன். வந்த புதிதில் சிரிப்பாக இருந்தது. இப்போது சில நாட்களில் சாக்பீஸைக் கையில் எடுக்கும்போதே உடம்பு ஒரு மாதிரி ஆகிறது. 1959-இல் என் மச்சான் வீரணன் கொடைக்கானல் பாதையில் பெருமாள்மலைக் கடையில் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் பழனிக்காரன். அடிவாரத்தில் எங்களுக்குக் கடை. நான் மட்டும் வாத்தியார் வேலைக்குப் படித்து, கொடைக்கானல் மலையில் வேலை பார்த்து, அந்த மலையிலேயே பெண் கட்டி, மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே வந்து சேர்ந்தேன். இதுவும் மலைமேல் இருக்கிற ஊர்தான். ஊரைச் சுற்றிலும் தைலமரம். மத்தியானம் தாண்டினால் எதிரே ஆள் தெரியாமல் மஞ்சு இறங்கிவிடும். மஞ்சும் தைலமர வாசனையும் ஒன்றாக வரும்போது கொடைக்கானலில் நாங்கள் இருந்த நாயுடுபுரத்தில் நிற்கிறோமா, எத்தியோப்பியாவில் நிற்கிறோமா என்று ஒரு கணம் எனக்கே புரியாது. வெயில் வந்தால் சரியாகிவிடும்.

போன மாதம் ஒரு காலை. வாசலில் மஞ்சு சுவர் மாதிரி நின்றது. என் மனைவி செல்லாயி அடுப்பங்கரையில் இருந்தாள். ஐந்து வயது மகன் செந்தில் செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். வெளியே தெருவிலிருந்து ஒரு ஆண் குரல், "செந்தில்" என்றது. ஒரு தடவைதான். எனக்கும் கேட்டது.

"அபேத்!" என்று கத்திக்கொண்டு பையன் ஓடினான்.

இந்த ஊரில் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அந்த நொடியே "அபேத்" என்று குரல் கொடுக்க வேண்டும். அதுதான் மரியாதை. செந்தில் அதில் கெட்டிக்காரன் என்று பக்கத்து வீட்டு அம்மாள் அவனைக் கொஞ்சுவாள். ஆனால் செல்லாயி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துவிட்டவனைப் பிடித்து இழுத்து, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஏலே, ஒரு தடவ கூப்பிட்டா ஓடுவியா? ஒரு தடவ கூப்பிட்டா ஓடுவியாடா?"

பையன் எதற்கு அடி என்று தெரியாமல் அழுதான். நான் தெருவில் இறங்கிப் பார்த்தேன். யாரும் இல்லை. எதிர்வீட்டுக் காவல்காரரிடம் கேட்டேன். இந்தப் பக்கம் யாருமே வரவில்லை என்றார். எனக்கு அப்புறம்தான் உறைத்தது. இந்த ஊரில் ஒருத்தர் வாயிலும் "செந்தில்" நுழைந்ததில்லை. "ஸெந்தெல்", "சந்தீல்" என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். கூப்பிட்ட குரல் சுத்தமாகச் சொன்னது.

அந்த வாரமே, ஊருக்கு லீவில் போயிருந்த ஞானமுத்து சார் திரும்பி வந்தார். திண்டுக்கல்காரர், எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். செல்லாயி தன் அண்ணன் வீரணன் பெண்டாட்டி பேச்சிக்குக் கொடுத்தனுப்பிய சேலையைப் பெருமாள்மலையில் நேரில் பார்த்துக் கொடுத்திருக்கிறார். பேச்சி பதிலுக்கு ஒரு கேள்வியைச் சொல்லி அனுப்பியிருந்தாள். மனிதர் அதை வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார்.

"போன எலக்‌ஷனுக்கு முந்துன எலக்‌ஷன்ல, அவரு பேருக்கு ஓட்டு விழுந்துச்சே, அன்னைக்கு அண்ணன்தானே பெட்டிக்கிட்ட இருந்தாக. வந்தது அவருதானா? மேல்மலையில இருந்து ஒருத்தரு என்னையக் கேக்குறாரு. அவருதான்னா நான் தாலியோட கெடக்கேன். அவரு இல்லைன்னா அறுத்துக் கட்டிக்கிறேன். அண்ணன் என்ன சொல்றாகளோ அதுதான்."

அண்ணன் என்று அவள் சொல்வது என்னை. அவளுக்கு முப்பது வயதுகூட முடியவில்லை.

2

தொகுதி என்றால் என்ன என்று என் வகுப்புப் பையன்கள் ஒரு நாள் கேட்டார்கள். ராஜா ஆளும் தேசத்துப் பிள்ளைகள். ஒரு கோடு போடுவோம், கோட்டுக்குள் இருக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவோம் என்றேன். கோட்டைக் காட்ட முடியுமா என்றான் ஒருவன். முடியாது, கோடு தரையில் இருக்காது என்றேன். பிறகு எப்படித் தெரியும் என்றான். எனக்குக் கோபம் வந்தது. உட்காரச் சொன்னேன்.

எங்கள் மலைக்குப் போட்ட கோட்டை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை சுற்றும். கீழே பழனி. கோயில் வேலைக்காரர்கள், பண்டாரங்கள், மொட்டை போடுகிறவர்கள், பஞ்சாமிர்தக் கடைக்காரர்கள், சத்திரம் நடத்துகிறவர்கள், சுற்றுவட்டாரத்தில் கொய்யாவும் சோளமும் போடுகிற சம்சாரிகள். மேலே கொடைக்கானல். வெள்ளைக்காரப் பள்ளிகளிலும் மிஷன் பங்களாக்களிலும் சமைத்து, தோட்டம் கொத்தி, பேச்சில் பாதி இங்கிலீஷாகிப் போனவர்கள், பஜாரில் கம்பளியும் மளிகையும் விற்கும் ராவுத்தர்மார்கள், உருளைக்கிழங்கும் பூண்டும் போடும் மலைக்காரர்கள். முருகனுக்கு மொட்டை போட்டுப் பிழைக்கிறவருக்கும் துரைசாணிக்கு ரொட்டி சுட்டுப் பிழைக்கிறவருக்கும் ஒரே எம்.எல்.ஏ. போதும் என்று ஒரு சமயம் நினைப்பார்கள். இல்லை, மலையைத் தெற்கு அடிவாரத்தோடு ஒட்டுவதுதான் சரி என்று இன்னொரு சமயம் நினைப்பார்கள். நாங்கள் இருந்த இடத்திலேயே இருப்போம். தொகுதி எங்களுக்கு அடியில் நகர்ந்துகொண்டிருக்கும்.

மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்துத் தொகுதி என்று எங்களுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தவிட்டுமேடு என்ற ஊர் மட்டும் அதில் மாட்டிக்கொண்டது. பெருமாள்மலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறி, ஒரு வளைவு தாண்டி, மேட்டு உச்சியில் பத்துப் பன்னிரண்டு வீடுகள். முன்கூரைத் தண்ணீர் வடக்கே பழனிப் பக்கம் ஓடும், பின்கூரைத் தண்ணீர் தெற்கே ஓடும். தவிட்டுமேடு என்ற பெயரை நான் மாற்றித்தான் எழுதுகிறேன், ஆட்களின் பெயரையும் அப்படியே. பஸ் ஏறித் தேடிப் போக வேண்டாம்.

செல்லாயி அந்த ஊர்ப் பெண். வீரணன் அவள் அண்ணன். ஊருக்கென்று பெரிதாக வழக்கம் எதுவும் கிடையாது, ஒன்றைத் தவிர. மஞ்சுக்குள்ளிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், முதல் குரலுக்கு வாய் திறக்கக் கூடாது. இரண்டாவதுக்கும் கூடாது. மூன்றாவது தடவை கேட்டால்தான் பதில். மனிதனாக இருந்தால் மூன்று தடவை கூப்பிடுவான், மற்றதுக்கு ஒரு தடவைதான் குரல் வரும் என்பது அவர்கள் கணக்கு. மற்றது என்றால் எது என்று கல்யாணமான புதிதில் செல்லாயியிடம் கேட்டேன். "அதப் போயி பேசிக்கிட்டு. சோலியப் பாருங்க" என்றாள்.

3

ஐம்பத்தேழாம் வருடத் தேர்தலுக்கு முன்னால், ஓட்டு லிஸ்டுக்குப் பெயர் எழுத ஒரு குமாஸ்தா வந்தார். கீழ்நாட்டு ஆள், வயதானவர், ஆஸ்துமாக்காரர். மஞ்சு இறங்கிக் கிடந்த நாள். வளைவுவரை வந்தவருக்கு அதற்கு மேல் ஏற மூச்சு இல்லை. கூடவந்த தலையாரியிடம் வீட்டுக்காரர்களின் பெயரைக் கேட்டு, அங்கே நின்றபடியே ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு பெயருக்கு ஒரு தடவை. அவருக்கு இன்னும் எத்தனையோ ஊர் பாக்கி.

மேலே வீடுகளில் எல்லோரும் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டது. தங்கள் பெயர் ஒவ்வொன்றாக, வரிசையாக, முகம் தெரியாத குரலில், ஒரே ஒரு தடவை மஞ்சுக்குள்ளிருந்து வந்ததைக் கேட்டு அடுப்பை அணைத்துவிட்டு மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தார்களாம். "பிள்ளைக வாயப் பொத்திக்கிட்டோம்" என்று பேச்சி சொன்னாள். குமாஸ்தா ஊரில் ஆளில்லை என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார். தலையாரி சொல்லியும் கேட்கவில்லையாம்.

ஓட்டுப் போடுகிற அன்று தவிட்டுமேடு முழுவதும் குளித்து, நல்ல துணி உடுத்தி இறங்கிப் போனது. அப்போதெல்லாம் கட்சிக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருக்கும். எந்தப் பெட்டியில் போடுவது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனவர்களிடம், அப்படி ஒரு ஊரே லிஸ்டில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதற்கு முந்தைய ஊர் இருக்கிறது, அடுத்த ஊர் இருக்கிறது, நடுவில் நீங்கள் இல்லை.

அன்று சாயங்காலம் வீரணன் என் வீட்டுக்கு வந்தார். என்னைவிட உயரமான மனிதர். எப்போதும் சிவப்புக் கரை போட்ட கறுப்புக் கம்பளி. உட்காரவே இல்லை.

"மாப்ள, நீங்க படிச்சவுக. சொல்லுங்க. நாங்க இருக்கமா, இல்லையா?"

"இருக்கீங்க மச்சான். லிஸ்டுலதான் இல்ல."

"பஸ்ஸுல வாரப்ப கண்டக்டரு என்னையத் தாண்டிப் போறாரு. டிக்கெட்டு கேக்கல. நான் நிக்கிறது அவரு கண்ணுல படல மாப்ள."

கூட்டத்தில் விட்டிருப்பார் என்று சமாதானம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் குமாஸ்தா கீழே காய்ச்சலில் செத்துப்போனதாகச் செய்தி வந்தது. பாவம், மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். தவிட்டுமேட்டில் வேறு மாதிரி சொன்னார்கள். மஞ்சு அடர்ந்த நாட்களில் வளைவுப் பக்கமிருந்து அதே குரல், அதே வரிசையில், ஒரு பெயருக்கு ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு நின்றுவிடுகிறது என்றார்கள். நடுவே மூச்சு இழுக்கும் சத்தம்கூடக் கேட்கிறதாம். நான் அறிவியல் பாடம் எடுக்கிறவன். எதிரொலி, காற்று என்று ஏதேதோ சொன்னேன். பிறகு ஒருமுறை மாமனார் வீட்டில் விருந்துக்குப் போயிருந்தபோது எனக்கே கேட்டது. அப்புறம் நான் எதிரொலி பற்றிப் பேசவில்லை.

4

இங்கே ஆபீஸ்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் தீராது. வருடா வருடம் தங்குவதற்கான அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். எப்போது போனாலும் "இஷி, நெகெ" என்பார்கள். சரி, நாளைக்கு என்று அர்த்தம். அந்த நாளை வந்து நான் பார்த்ததில்லை. உன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று வரிசையாகக் கேட்டு எழுதுவார்கள். மூன்றில் எது என் பெயர் என்று அவர்களுக்கு நிச்சயமில்லாததால், ஒரு நாள் செத்துப்போன என் தாத்தாவின் பெயரை ஹாலில் உரக்கக் கூப்பிட்டார்கள். நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன், அவரே வந்துவிட்டாரோ என்று.

இன்னொன்று. இங்கே ஆமாம் என்று வாயால் சொல்லமாட்டார்கள். விசுக்கென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். அதுதான் ஆமாம். முதல் தடவை ஒரு அதிகாரி அப்படிச் செய்தபோது அவருக்கு மாரடைப்பு என்று நினைத்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பழகிவிட்டது. ஆனால் செந்தில் இப்போது அப்படித்தான் ஆமாம் சொல்கிறான். சாப்பிட்டியா என்றால் மூச்சிழுப்பான். ஊருக்குப் போகலாமா என்றாலும் மூச்சிழுப்பான். தமிழில் ஆமான்னு சொல்லுடா என்று செல்லாயி கெஞ்சுகிறாள். இருட்டில் பக்கத்தில் படுத்துக்கொண்டு பிள்ளை அந்தச் சத்தம் போட்டால் அவளுக்கு அந்தக் குமாஸ்தா ஞாபகம் வந்து தூக்கம் போய்விடுகிறது.

5

லிஸ்டில் இல்லாத ஊருக்கு வேறொரு ஆபத்து வந்தது. மலையெங்கும் தைலமரம் நட ஆரம்பித்திருந்தார்கள். எங்கே காலியிடம் என்று பார்த்துக்கொண்டு வந்தவர்கள் தவிட்டுமேட்டுப் பூண்டுக் கொல்லைகளில் சுண்ணாம்பு அடித்த கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். இது எங்க கொல்லை என்று பெண்கள் மறித்தார்கள். இங்கே குடி இல்லை என்றுதான் எங்களிடம் இருக்கிறது என்றார்கள் அவர்கள். பிள்ளைகுட்டிகளோடு கண் முன்னால் நின்றுகொண்டிருக்கும் ஆட்களைப் பார்த்து இப்படிச் சொல்ல எவ்வளவு மனத்துணிவு வேண்டும்! எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அடுத்த லிஸ்டில் ஊர் பெயர் ஏறினால் கல்லைப் பிடுங்கலாம் என்று வீரணன் பிடிவாதமாக நம்பினார். அறுபத்திரண்டாம் வருடத் தேர்தலுக்காக மறுபடி பெயர் எழுதுகிறார்கள், புதுக் குமாஸ்தா வருகிறார் என்று தெரிந்ததும் ஊரைக் கூட்டிப் பேசினார். நானும் இருந்தேன்.

"வாரவரு மூணு தடவ கூப்பிட மாட்டாரு. அவருக்கு அம்புட்டு நேரமில்ல. மொதக் கொரலுக்கே ஆளு இருக்குன்னு சொல்லணும்."

யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "குமாஸ்தாவா இருந்தா சரி. அதுவா இருந்தா?" என்றார் ஒரு பெரியவர்.

"எதுவா இருந்தா என்ன? நம்மள இருக்கியான்னு கேக்குறதே அது ஒண்ணுதான்" என்றார் வீரணன்.

அவர்கள் எதிர்பார்த்த நாளில் மஞ்சு. வளைவிலிருந்து ஒரு குரல், "வீரணன்" என்றது, ஒரு தடவை. பேச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை உதறிக்கொண்டு, "இருக்கேன்! இந்தா வாரேன்!" என்று கத்திவிட்டுக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வெரசாக இறங்கினார். இறங்கினவர் இறங்கினவர்தான்.

பள்ளத்தில் தேடினோம், ஓடையில் தேடினோம், கீழே வத்தலக்குண்டுவரை ஆள் விட்டோம். கம்பளியின் ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை. புதுக் குமாஸ்தாவை நானே போய்ப் பார்த்தேன். இளவயசுக்காரர், மரியாதையாகப் பேசினார்.

"ஆமா சார், வளைவுல ஒரு ஆளு வந்தாரு. கம்பளி போட்டிருந்தாரு. பேரு வீரணன், ஊரு தவிட்டுமேடுன்னாரு. எழுதிக்கிட்டேன். மத்தவங்க வரலையான்னு கேட்டேன். வரமாட்டாங்கன்னாரு."

"நீங்க எத்தனை தடவை கூப்பிட்டீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நான் யாரையும் கூப்பிடலையே சார். எனக்கு அவரு பேரே தெரியாதே. அவராத்தான் வந்தாரு."

6

இப்படியாக அந்த லிஸ்டில் தவிட்டுமேடு என்ற தலைப்பும் அதன் கீழ் ஒரே ஒரு பெயரும் ஏறின. வாத்தியார்களுக்குத்தான் தேர்தல் வேலை போடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பூத்துக்கே என்னைப் போட்டார்கள். பெருமாள்மலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட அறை, தகரக் கூரை. ஓட்டுப் போட வருகிறவரின் பெயரைக் கேட்டு, லிஸ்டில் பார்த்து, ஏஜெண்டுகள் காதில் விழும்படி உரக்கப் படித்து, விரலில் மை வைப்பது என் வேலை.

மாசி மாதம். மாசியில் அப்படி மஞ்சு இறங்குவது வழக்கமில்லை. மத்தியானத்துக்கு மேல் அது வாசலைத் தாண்டி அறைக்குள்ளேயே வந்துவிட்டது. கூட்டம் ஓய்ந்திருந்தது. ஏஜெண்டுகளில் ஒருவர் டீ குடிக்கப் போயிருந்தார். இன்னொருவர் கொடைக்கானல் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் காசிம் ராவுத்தர். அவர் பெஞ்சில் குளிருக்கு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

வாசலில் ஒரு உருவம் வந்து நின்றது. தலையோடு போர்த்திய கறுப்புக் கம்பளி, சிவப்புக் கரை. மேஜைக்கு முன்னால் வந்தது. வழக்கம்போலக் கேட்டேன்.

"பேரு?"

பதில் இல்லை.

"பேரு என்னங்க?"

தலை குனிந்தே இருந்தது. முகம் தெரியவில்லை. கம்பளியிலிருந்து ஈர மண் வாசனை வந்தது.

ராவுத்தர்தான் பேசினார். "வீரணன் கம்பளியாச்சே இது! நம்ம கடையில எடுத்ததுதான் வாத்தியாரே. காணாமப் போயிட்டாருன்னாங்களே? அல்லா, எப்பங்க வந்தீங்க?"

அதற்கும் பதில் இல்லை. அந்த நொடியில் எனக்கு ஒன்று பளிச்சென்று விளங்கியது. பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்ல முடியாதவர் உலகத்தில் ஒருத்தர்தான். கட்டின பெண்டாட்டி. செத்தாலும் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். இது பேச்சி. புருஷனின் பழைய கம்பளி ஒன்றைப் போர்த்திக்கொண்டு, அவர் பெயரில் ஒரு ஓட்டாவது விழவேண்டும், ஊர் அழிந்துபோகக் கூடாது என்று வந்திருக்கிறாள். ஆளை ஆட்சேபிக்க வேண்டியது ஏஜெண்டு. அவரோ கம்பளிக்குச் சாட்சி சொல்லிவிட்டார். அவள் சொல்லாத பெயரை நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"வீரணன்" என்று படித்தேன். அசைவில்லை. "வீரணன்." அசைவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது தலை மெதுவாக ஆடியது.

கம்பளிக்குள்ளிருந்து கை வந்தது. விரலைப் பிடித்து மை வைத்தேன். ஓடைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. குளிரில் நடந்து வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சீட்டை வாங்கி, தட்டிக்குப் பின்னால் போய், பெட்டியில் போட்டுவிட்டு மஞ்சுக்குள் இறங்கிப் போனது அந்த உருவம்.

ஓட்டு விழுந்த ஊரை இல்லை என்று யாரும் சொல்லமுடியவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் வீடு வீடாக ஏறி எல்லோர் பெயரையும் எழுதினார்கள். கற்களைப் பிடுங்கி எறிந்தார்கள். இந்த வருடம் தவிட்டுமேடே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதாக ஞானமுத்து சார் சொன்னார். இந்த ஐந்து வருடமாக, அதைச் செய்தது பேச்சிதான் என்று எனக்குள் ஒரு பெருமை. அவளைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று செல்லாயியிடம்கூடச் சொல்லவில்லை.

7

இப்போது ஞானமுத்து சார் கொண்டுவந்த கேள்வியை மறுபடி படித்துப் பாருங்கள். வந்தது அவர்தானா என்று கேட்டிருப்பது பேச்சி.

அவர் போனபிறகு வாசல் கதவைச் சாத்தினேன். செல்லாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அது உன் மதினிதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், மறைப்பதற்காக இப்படிக் கேட்கிறாளோ என்றேன். செல்லாயி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"மதினி அன்னைக்கு எங்கூடத்தான் இருந்துச்சு."

"எங்கே?"

"நாயுடுபுரத்துல, நம்ம வீட்டுல. நீங்க எலக்‌ஷன் சோலிக்குப் போனதும் வந்துச்சு. செந்திலு வயித்துல இருந்தான், எனக்கு இடுப்பு வலின்னு. பகலு பூரா, மறுநா வெள்ளனே வரைக்கும் என் காலப் பிடிச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு. நீங்க வாரதுக்குள்ள போயிருச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கம்மாதான் சொல்லிட்டாகள்ல. தாலி இருக்கா அறுந்துச்சான்னு தெரியாதவ பிள்ளத்தாச்சி வீட்டு வாசப்படி ஏறக் கூடாதுன்னு. தெரிஞ்சா உங்களுக்குச் சங்கடம். அதான் ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டோம்."

வேறு யாராவது கள்ள ஓட்டாக இருக்கலாம் என்றேன். சொல்லும்போதே அது பொருந்தாது என்று தெரிந்தது. கள்ள ஓட்டுப் போட வருகிறவன் முதலில் மனப்பாடம் செய்துகொண்டு வருவதே பெயரைத்தான். கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுவான். மூன்று தடவை கூப்பிடுகிறவரை காத்திருக்கமாட்டான்.

அந்த விரலை நினைத்துப் பார்த்தேன். பெண் விரலா, ஆண் விரலா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. சில்லென்று இருந்தது மட்டும்தான் ஞாபகம் வருகிறது. முகத்தை நிமிர்த்திப் பார்த்திருக்கலாம். அன்று நான் பார்க்காமல் விட்டது பேச்சிக்காக. இன்று பேச்சியே அந்த முகத்தை என்னிடம் கேட்கிறாள்.

செல்லாயி அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவள். இங்கே வந்தபிறகும் அவருக்கென்று திதி கொடுக்கவோ, விளக்கேற்றவோ என்னை விட்டதில்லை. அவர் பெயரில் ஓட்டு விழுந்திருக்கிறதே என்பாள், அவ்வளவுதான். ஆகவே, அவர்தான் என்று எழுதச் சொல்வாள் என்றே நினைத்தேன். எனக்கும் அதுதான் உண்மை என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்து, வான்கடிதத் தாளைப் பிரித்து, தவிட்டுமேட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் வாத்தியார் படித்துக்காட்டும்படி, பேச்சிக்கு என்று ஆரம்பித்தேன்.

"கள்ள ஓட்டுன்னு எழுதுங்க" என்றாள் செல்லாயி.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மொகத்தப் பாத்தேன், அவரு இல்லைன்னு எழுதுங்க. யாரோ கட்சிக்காரன் கம்பளியப் போத்திக்கிட்டு வந்தான்னு எழுதுங்க. அண்ணன் பள்ளத்துல விழுந்து அன்னைக்கே செத்துப்போச்சு, காரியத்தப் பண்ணிட்டு அவள அந்த மனுசனக் கட்டிக்கிறச் சொல்லி எழுதுங்க. கூடப் பொறந்தவ நாஞ்சொன்னேன்னு எழுதுங்க."

குரல் உடையவில்லை. கன்னத்தில் மட்டும் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை. நான் அவள் சொன்னபடியே எழுதினேன். ஒவ்வொரு வரியும் எழுதும்போது, இல்லாத ஆள் என்று ஒருத்தரை எழுதிவிடுவது எவ்வளவு சுலபம் என்று தோன்றியது. முகவரி எழுதி ஓரத்தை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

"செல்லாயி, வந்தது அவராவே இருந்தா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே மஞ்சு கண்ணாடியை ஒட்டி நின்றது.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டுங்க" என்றாள். "அவள விட்டுறட்டும்."